உள்ளிருந்து திறக்கும் கதவு

இழுவை வண்டிக்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்த பிறகுதான் அந்த வீட்டின் கேட் திறந்தது.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. அபிராமபுரத்தின் அந்தக் குறுக்குத் தெருவில் வெயில் இன்னும் மரக்கிளைகளைத் தாண்டி இறங்கவில்லை. சான்ட்ரா பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குக் கட்டிய புடவையிலேயே வந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் ஃபிரெட்ரிக் ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"சாந்தோம்ல மத்த பொம்பளைங்க பூசை முடிஞ்சா மீன் வாங்கப் போவாங்க. நீ செத்த கார் வாங்க வந்திருக்க டீச்சர்."

"சாகல. தூங்குது. நீ பேசாம கயித்தப் பிடி ஃபிரெடி."

கேட்டைத் திறந்தவர் சுந்தரராமன். ஓய்வுபெற்ற பொறியாளர், வயது எழுபத்தொன்பது, வீட்டில் தனி ஆள். சலவை மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. அவர் முன்னால் நடந்து, வீட்டின் பின்பக்கம் இருந்த ஷெட்டைக் காட்டினார். டிசம்பர் புயலில் பக்கத்து வீட்டு மாமரம் சாய்ந்து தகரக் கூரையைப் பாதி கிழித்திருந்தது. கிழிந்த வழியாக விழுந்த வெளிச்சத்தில், நாற்பது வருடத் தூசிக்கு அடியில், அந்த ஹெரால்ட் கார் நின்றது. அறுபத்தெட்டாம் வருட மாடல். இரண்டே கதவுகள்.

சான்ட்ரா புடவைத் தலைப்பால் கதவின் தூசியைத் துடைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துபவள். மற்ற நேரமெல்லாம் பழைய வண்டிகளுக்கு. முதலில் ஒரு ஸ்கூட்டர், பிறகு ஒரு ஃபியட், எல்லாம் அவளே பிரித்து, அவளே தேய்த்து, அவளே பூட்டியவை. இரண்டு கதவு ஹெரால்டைத்தான் ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உடைக்கறவா ரெண்டு பேர் வந்தா," என்றார் சுந்தரராமன். "கட் பண்ணித்தான் எடுக்க முடியும்னா. முடியாதுன்னுட்டேன். இது முழுசாப் போகணும். உள்ளே இருக்கறது இருக்கறபடியே இருக்கணும்."

சான்ட்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டிப் பைத்தியம் பிடித்த தன் இனத்தைச் சேர்ந்த ஒரு மனிதரைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தாள்.

"விலை பேச்சே வேண்டாம்," என்றார் அவர். "ஓட்டிக் காட்டு. அப்போ வந்து பார்த்துட்டு, பேர் மாத்தற பேப்பர்ல கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அந்தக் கையெழுத்து இல்லாமல் வண்டி அவள் பெயருக்கு வராது, தெருவில் இறக்கவும் முடியாது. நல்ல மனிதர், அவசரம் என்ன என்று சான்ட்ரா தலையாட்டினாள்.

வண்டியை மேலே ஏற்றும்போது இழுவைக்காரர் மட்டும் சுற்றி வந்து பார்த்தார்.

"மேடம், லெப்ட் சைடு இவ்ளோ எறங்கிக்கினு கீதே. உள்ள யாராச்சும் குந்திக்கினு கீறாங்களா?"

"ஸ்பிரிங் போயிருக்கும்ணே."

சுந்தரராமன் அதற்குள் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டிருந்தார்.

*

சாந்தோமில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் இருந்தது. கடல் காற்று தகரத்தைத் தட்டும் ஷெட். பள்ளி விட்டு வந்ததும் சான்ட்ரா பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு அதற்குள் போய்விடுவாள். மாலைத் தேநீரை அங்கேயே கொண்டுவந்து கொடுப்பான் ஃபிரெட்ரிக். அவன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். "என் பேஷன்ட் எல்லாம் ராத்திரி கூப்பிடுவாங்க. உன் பேஷன்ட் தேவலாம்" என்பான்.

மூக்கோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறக்கும் அந்த பானெட்டைத் தூக்கி, இஞ்சினை இறக்கி, துரு தேய்த்து, டிங்கரிங் முடித்து, பெயின்ட்டின் ஐந்து அடுக்குகளுக்கு அடியில் முதல் நிறத்தைக் கண்டுபிடித்தாள். இளநீர்க் காய் போன்ற வெளிர்பச்சை. அதையே கலக்கி அடித்தாள்.

சந்தேகமாக இருந்த இடது ஸ்பிரிங்கைக் கழற்றிச் சோதித்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பப் பொருத்தியதும் வண்டி மறுபடி இடது பக்கம் சாய்ந்து நின்றது.

உள்ளே மூன்று மாற்றங்களைப் பார்த்தாள். பழைய வண்டிகளை வைத்திருந்தவர்கள் செய்யும் மாற்றங்கள் அவளுக்கு மனப்பாடம். ஆகவே எளிதாகப் புரிந்துகொண்டாள்.

ஒன்று, இடது பக்கக் கதவில் உள்ளிருந்து திறக்கும் ஹேண்டில் இல்லை. இருந்த துளையை ஒரு பித்தளைத் தகடு வைத்து, ஈயம் காய்ச்சி ஊற்றி மூடியிருந்தார்கள். அத்தனை நேர்த்தியான வேலை. இரண்டு, ஓட்டுநர் பக்கக் கதவில் கூடுதலாக ஒரு அலமாரிப் பூட்டு. வெளியிலிருந்து சாவியால் பூட்டினால் உள்ளிருந்தும் திறக்காது. மூன்று, இரண்டு கண்ணாடிகளும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இறங்காதபடி உள்ளே ஒரு போல்ட் முட்டுக்கொடுத்திருந்தது.

"திருட்டுக்குப் பயந்த மனுஷன்," என்று ஃபிரெட்ரிக்கிடம் சொன்னாள். "கண்ணாடி வழியா கைய விட்டுக் கதவத் திறக்க முடியாது பாரு. ஒவ்வொன்னும் தானே செஞ்சிருக்கார். எவ்வளவு அக்கறையா வச்சிருக்கார் வண்டிய!"

தகட்டை அவள் ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

ஆனால் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து முதல் நாள் எப்படி வந்ததோ அப்படியே வேண்டும். இடையில் யார் கை வைத்திருந்தாலும், எவ்வளவு நேர்த்தியாக வைத்திருந்தாலும், அதை எடுத்துவிட வேண்டும். 'உள்ளே இருக்கறது இருக்கறபடியே' என்று பெரியவர் சொன்னதையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அலமாரிப் பூட்டை எடுத்துத் துளையை அடைத்தாள். போல்ட்டுகளைக் கழற்றினாள். கண்ணாடிகள் முழுதாக இறங்கின.

அன்றிலிருந்து அது கேட்க ஆரம்பித்தது.

மே மாதத்து நண்பகல். கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. தகரக் கூரை அனலாகக் காய்ந்தது. சான்ட்ரா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து சைலன்சரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கிறீச்.

மெல்லிய கம்பியால் தகரத்தைச் சுரண்டுவது போல.

கிறீச். கிறீச்.

எலி என்று நினைத்து ஸ்பேனரால் தரையைத் தட்டினாள். சத்தம் நின்றது. பிறகு அவள் தட்டிய அதே இடைவெளியில், மேலிருந்து மூன்று தட்டுகள் வந்தன.

அவள் வெளியே உருண்டு வந்தாள். வண்டிக்குள் யாரும் இல்லை. கண்ணாடிகள் இறங்கியிருந்தும் உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. சீயக்காய் தேய்த்துக் குளித்து, முழுதாக உலராத தலைமுடியின் வாசனை. பயப்பட வைக்கும் வாசனையே இல்லை அது. அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சான்ட்ரா பயந்தால் ஓடுகிறவள் இல்லை. பயந்தால் பிரித்துப் பார்க்கிறவள். இடது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினாள். டார்ச் வெளிச்சத்தில் பித்தளைத் தகட்டின் ஓரம் முழுக்கக் கீறல்கள் தெரிந்தன. நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கைக்கு எட்டும் ஒரே இடம் அது.

கார்க் கதவின் வயிற்றில் எப்போதும் ஏதாவது விழுந்து கிடக்கும். சில்லறை, சினிமா டிக்கெட், சாக்பீஸ். அவள் கையை விட்டுத் துழாவினாள்.

ஹேர்பின்கள்.

துருவேறி, வளைந்து, நுனி தேய்ந்து, இருபத்தாறு ஹேர்பின்கள்.

*

அன்று சாயங்காலம் ஃபிரெட்ரிக்கை ஷெட்டுக்கு அழைத்து வந்தாள்.

"இப்ப இன்னொரு சத்தமும் கேக்குது. டயர்ல காத்து இறங்குறதா, கடல் காத்தான்னு தெரியல. நீ கேளு."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாந்தோம் சாலையின் பேருந்துச் சத்தம் சற்று ஓய்ந்தது.

இழுத்து... விட்டு. இழுத்து... விட்டு. ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் ஒரு சிறிய விசில்.

ஃபிரெட்ரிக்கின் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. நர்ஸின் முகம் வந்தது.

"இது காத்து இல்ல சான்ட்ரா."

"பின்ன?"

"இது வீசிங். இழுப்பு நோய்க்காரங்க மூச்சு. எங்க வார்டுல தினம் கேக்குறேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "பொம்பள மூச்சு."

சான்ட்ரா கையில் இருந்த ஹேர்பின்களைப் பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள். கழற்றி வைத்திருந்த அலமாரிப் பூட்டையும் இரண்டு போல்ட்டுகளையும் பார்த்தாள்.

திருடன் உள்ளே வராமல் இருக்கச் செய்தவை அல்ல அவை.

"இத வித்துடலாம். இல்ல, திருப்பிக் குடுத்துடலாம்," என்றான் ஃபிரெட்ரிக்.

"நாளைக்குப் புதுப்பேட்டைக்குப் போறேன்," என்றாள் சான்ட்ரா.

*

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் மெஹபூப் பாஷா, மலைபோல் குவிந்திருந்த இரும்புக்குள் இரண்டு மணி நேரம் தேடினார்.

"லெப்ட் சைடு உள் ஹேண்டில்... இன்னா டீச்சரம்மா, எல்லாரும் வெளிய கீற ஹேண்டிலத்தான் கேப்பாங்கோ. பளபளன்னு தெரியும்ல. உள்ள கீறது எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது?"

"உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியும் பாய்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எண்ணெயில் துடைத்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை தகட்டை அறுத்து எடுத்தாள். அறுக்கும்போது வண்டி முழுவதும் லேசாக அதிர்ந்தது. ஹேண்டிலைப் பொருத்தி, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, திருப்பினாள். க்ளிக் என்று சுத்தமாகத் திறந்தது. மூன்று முறை செய்து பார்த்தாள். ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் பூட்டைத் திறந்தபோது இடது கதவு விரியத் திறந்து கிடந்தது.

இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வண்டி நேராக நின்றது.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"வண்டியிலே என்ன பண்ணினே?" சுந்தரராமனின் குரல். "நான் என்ன சொன்னேன்? இருக்கறபடி இருக்கணும்னேனா இல்லையா?"

"என்ன சார் ஆச்சு?"

"ஆத்துல மாடியிலே யாரோ நடக்கறா. ராத்திரி பூரா. சமையல் உள்ளே டம்ளர் உருள்றது." மூச்சு வாங்கிற்று அவருக்கு. "வரேன். மத்தியானம் வரேன்."

*

கத்திரி வெயில் உச்சியில் இருந்தபோது ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பழைய தோல் பெட்டி. உள்ளே அளவு வாரியாக அடுக்கிய ஸ்க்ரூடிரைவர்கள். ஷெட்டுக்குள் வந்தவர் வெளிர்பச்சை வண்டியையோ, கண்ணாடி மாதிரி மின்னிய பானெட்டையோ பார்க்கவில்லை. நேராக இடது கதவைப் பார்த்தார்.

"கழட்டு அதை. தகடு வெச்சு மூடு. பழைய பூட்டு எங்கே?"

சான்ட்ரா ஒரு டப்பாவைத் திறந்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். இருபத்தாறு ஹேர்பின்கள்.

அவர் ஒன்றை எடுத்து, அதன் தேய்ந்த நுனியை விரலால் தொட்டார்.

"ஜானு," என்றார் கடைசியில். "என் ஆத்துக்காரி. எப்போ பார்த்தாலும் இறங்கணும் அவளுக்கு. சிக்னல்ல நின்னா இறங்கிடுவா. ஒருதரம் பனகல் பார்க் கிட்டே இறங்கி, பஸ் ஏறி, ஆதம்பாக்கம் போயிட்டா. அவ அக்கா ஆத்துக்கு. நாலு பேர் என்ன நினைப்பா? வண்டி ஓடிண்டிருக்கச்சே கதவைத் திறந்து விழுந்துட்டான்னா? அவ நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"இழுப்பு இருந்துச்சா அவங்களுக்கு?" ஃபிரெட்ரிக் கேட்டான்.

"இருந்தது." அவர் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "இதே மாதிரி மே மாசம். எண்பத்து மூணு. வர வழியெல்லாம் சண்டை. ஷெட்டுல வண்டியை விட்டேன். கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தா புத்தி வரும்னு பூட்டிட்டு மாடிக்குப் போனேன். சாப்பிட்டேன். கண் அசந்துடுத்து."

ஒரு ஹேர்பின் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"எழுந்திருக்கறச்சே மணி நாலு."

தகரக் கூரை வெயிலில் 'டக்' என்று விரிந்தது. மூவரும் திடுக்கிட்டார்கள்.

"இழுப்பிலே போயிட்டான்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது பொய்யில்லையே?" அவர் குரல் மறுபடி பொறியாளரின் குரலானது. "இத்தனை வருஷம் வண்டிக்குள்ளேயே இருந்தா. சத்தம் இல்லை, தொந்தரவு இல்லை. நீ திறந்து விட்டுட்டே. கழட்டிடு. இப்போவே கையெழுத்துப் போடறேன், வண்டி உன்னோடது. இல்லேன்னா நாளைக்கே திருப்பி எடுத்துண்டு போயிடுவேன். பேப்பர்ல இன்னும் என் பேர்தான் இருக்கு."

சான்ட்ரா வண்டியைப் பார்த்தாள். ஆறு வருடத் தேடல். ஐந்து மாத உழைப்பு. அவள் நகக்கண்ணில் இன்னும் அந்தப் பச்சை இருந்தது. ஒரு தகடு, நான்கு ஸ்க்ரூ, பத்து நிமிட வேலை. வண்டி அவளுடையது.

"உங்க வேலையைப் பார்த்துட்டு நான் என்ன நெனச்சேன் தெரியுமா சார்?" என்றாள். "அக்கறைன்னு நெனச்சேன். தடவிப் பார்த்தேன் அந்தத் தகட்ட. எனக்கு இப்ப கை கூசுது."

"நீ என்ன பேசறே..."

"வண்டிய எடுத்துட்டுப் போங்க. அழுவேன், பரவால்ல. ஆனா கதவு இப்படியேதான் போகும். அந்த ஹேண்டில நான் கழட்ட மாட்டேன். என் ஷெட்டுல உங்களையும் கழட்ட விட மாட்டேன்."

"என் வண்டி இது!"

அவர் அவளைத் தள்ளிக்கொண்டு, எழுபத்தொன்பது வயதுக்கு நம்ப முடியாத வேகத்தில், திறந்திருந்த இடது கதவு வழியாக உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஹேண்டிலின் மேல் வைத்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

அறைந்து சாத்தவில்லை. மெதுவாக, மரியாதையாக, வெளியிலிருந்து யாரோ ஒரு பெரிய மனிதரை ஏற்றிவிட்டுச் சாத்துவது போல.

பிறகு இரண்டு கண்ணாடிகளும் தாமாக மேலே ஏறின. இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றன.

பிறகு ஓட்டுநர் பக்கத்தில், அவள் அடைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்திருந்த, பூட்டே இல்லாத இடத்தில், சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

சுந்தரராமன் ஹேண்டிலைத் திருப்பினார். திரும்பியது. இன்னொரு முறை திருப்பினார். சுற்றிச் சுற்றி வந்தது, எதையும் பிடிக்காமல். கண்ணாடியில் கையால் அடித்தார்.

சீயக்காய் வாசனை ஷெட் முழுவதும் நிறைந்தது. அந்த மூச்சு தொடங்கியது. இழுத்து... விட்டு. முதலில் அது ஒரு மூச்சாக இருந்தது. பிறகு இரண்டானது. இரண்டாவது சுந்தரராமனுடையது.

ஃபிரெட்ரிக் வெளி ஹேண்டிலைத் தொங்கித் தொங்கி இழுத்தான். சான்ட்ரா சுத்தியலை எடுத்தாள். ஊரெல்லாம் தேடினாலும் கிடைக்காத கண்ணாடி அது. ஓங்கி அடித்தாள். சுத்தியல் பஞ்சில் பட்டதுபோல் எகிறி வந்தது. கீறல்கூட விழவில்லை.

உள்ளே கிழவரின் உதடு நீலம் பூத்தது.

"சான்ட்ரா, நாலஞ்சு நிமிஷம்தான் தாங்குவாரு," என்று கிசுகிசுத்தான் ஃபிரெட்ரிக்.

அவள் சுத்தியலைக் கீழே போட்டாள். எண்பத்து மூன்றில் ஜானுவுக்கு முப்பதோ முப்பத்தொன்றோ இருக்கும். தன்னைவிடச் சின்னவள். சான்ட்ரா கதவில் உள்ளங்கையை வைத்து, ஒன்பதாம் வகுப்பை அடக்கும் குரலில் பேசினாள்.

"ஜானு. கேக்குதா? நான்தான் இந்தக் கதவச் சரிபண்ணினவ."

மூச்சுகள் தொடர்ந்தன.

"இந்தாள மன்னிக்கச் சொல்லல. மன்னிக்காத. எனக்கும் மனசு ஆறல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இந்த வண்டியில இனிமே யாரையும் பூட்டி வைக்கக் கூடாது. யாரும்னா யாரும். இந்தாளும்தான். அவர் பூட்டினாலும் பூட்டு, நீ பூட்டினாலும் பூட்டு. அவர் வேலைய நீ செய்யப் போறியா? அதுக்கா இருபத்தாறு பின்னு தேய்ச்ச?"

ஒன்றும் நடக்கவில்லை. அவள் உள்ளங்கைக்குக் கீழே தகரம் சுட்டது. கொப்புளம் கிளம்பும் அளவுக்குச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா நான் போக மாட்டேன். பூட்டிட்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட மாட்டேன். தூங்க மாட்டேன். நீ திறக்கிற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன். கதவத் திற ஜானு."

மூச்சு நின்றது.

ஷெட்டில் எதுவுமே அசையவில்லை. கடல் காற்றுகூட.

பிறகு உள் ஹேண்டில் மெல்லத் திரும்பியது. சான்ட்ரா அதைத் தெளிவாகப் பார்த்தாள். சுந்தரராமனின் இரண்டு கைகளும் அப்போது அவர் தொண்டையில் இருந்தன.

க்ளிக்.

கதவு திறந்தது. கிழவர் சரிந்து ஃபிரெட்ரிக்கின் கைகளில் விழுந்தார். அவன் அவரை உட்கார வைத்து, முதுகைத் தாங்கி, "மெதுவா சார், மூக்கால இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

கால் மணி நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, அவர் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். சான்ட்ராவின் பேனாவை வாங்கி, வண்டியின் பக்கம் திரும்பாமல், கோணலாகக் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு வேண்டாம்மா. எதுவும் வேண்டாம்."

அவருடைய தோல் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தபோது சான்ட்ராவின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான் ஃபிரெட்ரிக். சிவந்து கன்றியிருந்தது. மருந்து தடவிக்கொண்டே, "பேய்கிட்டயே ஹோம்வொர்க் கேக்குறவ நீ," என்றான். அவள் அவன் தோளில் சாய்ந்து, அப்போதுதான் அழுதாள்.

அதன் பிறகு சாந்தோம் ஷெட்டில் எந்தச் சத்தமும் இல்லை. வாசனையும் இல்லை. ஜூலையில் வண்டி அவள் பெயருக்கு மாறியது.

*

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினோரு மணி. மேகம் கவிந்து தெருவெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. வெளிர்பச்சை ஹெரால்டைச் சான்ட்ரா ஓட்ட, ஃபிரெட்ரிக் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். வடபழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், அவள் ஏன் அபிராமபுரத்துக்குள் திருப்பினாள் என்று அவன் கேட்கவில்லை.

கேட்டுக்கு வெளியே, நடைபாதையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சுந்தரராமன் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் வீடு தெரிந்தது. வாசற்கதவு, சன்னல்கள், மாடிக் கதவு, எல்லாமே விரியத் திறந்து கிடந்தன.

சான்ட்ரா வண்டியை நிறுத்தினாள். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது.

"சார், மழை வருது. உள்ள போங்க. நனையறீங்களே."

அவர் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"அவகிட்டே கேட்டுண்டுதாம்மா இருக்கேன். இன்னும் சரின்னு சொல்லலை."

ஃபிரெட்ரிக் அவள் கையை இறுகப் பற்றினான். அவன் பார்வை மாடியில் இருந்தது. மொட்டை மாடிப் படியை ஒட்டிய கொடியில் ஒரு மாம்பழ நிறப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அலசிப் போட்டது போல் ஓரமெல்லாம் நீர் சொட்டியது.

"வேற யாரு சார் வீட்டுல?" என்று அவன் கேட்டான்.

கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏறிக்கிறீங்களா? எங்கயாச்சும் கொண்டு போய் விடறேன்," என்றாள் சான்ட்ரா. அவர் வண்டியின் கதவைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் குறுகி உட்கார்ந்தார்.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

மாடியில் ஆள் யாரும் தெரியவில்லை. ஆனால் மழையைக் கண்டதும் எந்த வீட்டிலும் நடக்கிற அந்த அவசரத்தோடு, புடவை கொடியிலிருந்து முழம் முழமாக உள்ளே இழுக்கப்பட்டது.